எழுவாய் யார்?

(கள்ளக்குறிச்சியில், மாலைநேரப் படிப்பகங்களில் பாடம் சொல்லித்தரும் இளம் தோழர்களின் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த தோழர், "ஆங்கில இலக்கணத்தை ஆரம்பத்திலிருந்து எப்படிச் சொல்லித்தருவது என்று பேசுங்கள், அரசியலைக் கடைசிப் பத்து நிமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னார். அவர் சொன்னபடி செய்யத்தான் குறிப்பெடுத்து வந்தேன். ஆனால் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது, இந்த இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போகிறேன்.

நான் கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். ஒன்பதாவது படிக்கும்போது ஆங்கில ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, 'அவன் போகிறான்' என்பதைக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். நான் 'ஹீ கோ' என்று எழுதினேன். அவர் சாக்பீசைப் பிடுங்கிக்கொண்டு, "ஹீ கோவா? அப்ப நீயும் கோ" என்று வாசலைக் காட்டினார். வகுப்பே சிரித்தது. நான் வெளியே போகும்போது, "மாடு மேய்க்கிறதுக்கு எதுக்குடா இங்கிலீஷு" என்று அவர் சொன்னதும் காதில் விழுந்தது. விடுபட்டது ஒரே ஒரு 'எஸ்' எழுத்து. அந்த எழுத்துக்காக ஒரு வருஷம் ஆங்கில வகுப்பில் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

இது பழைய கதை. இப்போது நடந்த ஒன்றையும் சொல்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, விடுதியில் தங்கி, கல்லூரியில் சேர்ந்த ஒரு தம்பி எனக்குப் பழக்கம். கணக்கில் நல்ல மூளை. மூன்றாவது மாதம் படிப்பை விட்டுவிட்டு, உறவினர்களோடு குடகுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டான். திருவிழாவுக்கு ஊர் வந்தபோது பார்த்தேன். "புரியலைன்னு கேட்டிருக்கலாமேப்பா" என்றேன். "புரியலைன்னு சொல்றதுக்கே இங்கிலீஷ் வேணுமே சார்" என்றான். அவன் திரும்பக் கல்லூரிக்குப் போகவில்லை. இன்று நான் பேசுவது அவனுக்கு அடுத்து வரப்போகிறவர்களுக்காக.

சென்னை மாகாணத்தில் ஆங்கிலம் முதலில் யார் கைக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியும். மக்கள்தொகையில் 100க்கு 3 பேர் அளவில் இருந்த பார்ப்பனர்கள், 1912ஆம் ஆண்டுக் கணக்கில் சப் ஜட்ஜ் பதவிகளில் 100க்கு 80க்கும் மேல் வைத்திருந்தார்கள். 1916இல் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வந்ததற்கு இப்படிப்பட்ட கணக்குகளும் காரணம். வேதத்தைக் காதில் வாங்கக்கூடாது என்று தடுத்தவர்கள், ஆங்கில இலக்கணத்தை அப்படி வெளிப்படையாகத் தடுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தின் தூரமும், கட்டணமும், சிரிப்பும் அந்த வேலையைச் செய்தன. இதைப் புரிந்துகொண்டுதான் சாவித்ரிபாய் பூலே 1854இல் வெளியான தன் கவிதைத் தொகுப்பில் ஆங்கிலம் கற்கும்படி சூத்திர, ஆதிசூத்திர மக்களை அழைத்தார். அண்ணல் அம்பேத்கர் 1936இல் லாகூர் மாநாட்டுக்கு எழுதிய சாதி ஒழிப்பு உரை ஆங்கிலத்தில் இருந்தது. மாநாட்டுக்காரர்கள் அவரைப் பேசவிடாததால் அதை அவரே அச்சிட்டார். பெரியார் அதைத் தமிழில் கொண்டுவந்தார். அது தமிழுக்கு வந்த பாதை ஆங்கிலத்தின் வழியாகத்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

அதற்காக ஆங்கிலத்துக்குச் சாதி கிடையாது என்று நான் சொல்லவரவில்லை. நன்றாக ஆங்கிலம் பேசிக்கொண்டே வாடகைக்கு வீடு தர மறுப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆங்கிலம் ஒரு கருவி. அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி. தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் என்றும் நான் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் முறையே தமிழை வைத்துத்தான். இனி பாடத்துக்கு வருவோம்.

முதல் பாடம், சொற்களின் வரிசை. "முத்துவைப் போலீஸ்காரர் அடித்தார்." "போலீஸ்காரர் முத்துவை அடித்தார்." இரண்டுக்கும் தமிழில் ஒரே பொருள். அடித்தது யார், அடிபட்டது யார் என்பதை 'ஐ' என்ற உருபு சொல்லிவிடுகிறது. அந்த உருபு முத்துவோடு ஒட்டியிருக்கும் வரை அவனை எங்கே தூக்கி வைத்தாலும் அடிபட்டவன் அவன்தான். ஆங்கிலத்தில் அப்படி ஓர் உருபு இல்லை. அங்கே இடம்தான் எல்லாம். 'த போலீஸ்மேன் பீட் முத்து' என்றால் போலீஸ்காரர் அடித்தார். இரண்டு பேரையும் இடம் மாற்றி 'முத்து பீட் த போலீஸ்மேன்' என்று எழுதினால், வழக்கு முத்துவின் மேல் பாய்ந்துவிடும்.

செய்பவர் முதலில், செயல் நடுவில், செயலை வாங்குபவர் கடைசியில். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். தமிழில் பயனிலை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவில் வரும். இந்த ஒன்றைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். மூன்று அட்டைகளில் மூன்று சொற்களை எழுதி, மூன்று பிள்ளைகள் கையில் கொடுத்து, இடம் மாறி நிற்கச் சொல்லுங்கள். வாக்கியத்தின் பொருள் மாறுவதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

இன்னொன்றும் இதிலேயே இருக்கிறது. தமிழில் "போனேன்" என்றாலே போதும், 'நான்' தேவையில்லை. வினையின் வால் ஆளைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் 'வென்ட்' என்று மட்டும் சொன்னால் யார் போனது என்று தெரியாது. சாதாரண வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்காது. மழை பெய்தாலும் அதற்கு ஓர் எழுவாய் வேண்டும் என்று 'இட்' என்ற சொல்லைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், 'இட் இஸ் ரெய்னிங்' என்று. 'யார்' என்ற கேள்விக்கு விடை இல்லாமல் வாக்கியம் தொடங்காது என்பதைப் பிள்ளைகளின் மனதில் பதிய வையுங்கள். இதற்கு நான் பிறகு திரும்பி வருவேன்.

இரண்டாவது பாடம், 'ஆம், இஸ், ஆர்'. "நான் மாணவன்." இதில் வினை எங்கே? இல்லை. தமிழுக்கு இங்கே வினை தேவையில்லை. ஆங்கிலத்துக்குத் தேவை. அதனால் 'ஐ ஆம் எ ஸ்டூடன்ட்'. நாம் முதல் நாளே 'ஐ ஆம், ஐ ஆம்' என்று ஒப்பிக்க வைத்துவிடுகிறோம். குழந்தை என்ன நினைக்கிறது? 'நான்' என்பதற்கு ஆங்கிலம் 'ஐ ஆம்' என்று நினைக்கிறது. அதனால்தான் "நான் போகிறேன்" என்பதற்கு 'ஐ ஆம் கோ' என்று எழுதுகிறது. இது முட்டாள்தனம் இல்லை. நாம் சொல்லித்தந்ததை அது ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு நான் இரண்டு பெட்டி வரைவேன். ஒருவர் யார், எப்படி இருக்கிறார், எங்கே இருக்கிறார் என்று சொல்வதெல்லாம் முதல் பெட்டி. அங்கே 'ஆம், இஸ், ஆர்'. ஒருவர் என்ன செய்கிறார் என்பது இரண்டாவது பெட்டி. அங்கே 'கோ, ஈட், ஒர்க்' போன்ற வினைகள். 'ஐ ஆம் டயர்ட்' முதல் பெட்டி. 'ஐ ஒர்க்' இரண்டாவது பெட்டி. இரண்டு பெட்டியும் சேரும் இடம் ஒன்று உண்டு. இந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்லும்போது வினைக்கு 'இங்' என்ற வால் வரும்: 'ஐ ஆம் கோயிங்'. ஆரம்பத்தில் இது போதும்.

மூன்றாவது பாடம்தான் என்னை வெளியே அனுப்பிய பாடம். போகிறேன், போகிறோம், போகிறாய், போகிறீர்கள், போகிறான், போகிறாள், போகிறார், போகிறார்கள், போகிறது, போகின்றன. எண்ணிப் பாருங்கள், பத்து. ஆள், எண், பால், மரியாதை எல்லாவற்றையும் பார்த்து வால் மாறுகிறது. ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் எத்தனை? 'கோ', 'கோஸ்'. இரண்டே இரண்டு. பேச்சில் எப்படிச் சிதைத்துச் சொன்னாலும், நம் காலனியிலும் மலையிலும் பள்ளிக்கூடத்தை எட்டிப்பார்க்காத பிள்ளைகூட இந்த வால்களை இடம் பார்த்து ஒட்டுகிறது. அதை யாரும் அறிவு என்று சொல்வதில்லை. ஒரு 'எஸ்' விட்டால் மட்டும் மூளை இல்லை என்கிறார்கள்.

எனவே அந்தப் பத்தையும் முதலில் பலகையில் எழுதுங்கள். "இவ்வளவும் உனக்குத் தெரியும், இப்போது ஒன்றே ஒன்று புதிது" என்று சொல்லுங்கள். ஹீ, ஷீ, இட் என்று ஒருவரை, ஒன்றைச் சொல்லும்போது மட்டும் 'எஸ்'. மற்ற எல்லோருக்கும் வெறும் 'கோ'. இறந்தகாலத்தில் அந்தத் தொல்லையும் இல்லை. ஐ வென்ட், ஹீ வென்ட், தே வென்ட். எல்லோருக்கும் ஒன்றே. அதனால் "நேற்று என்ன செய்தாய்?" என்று கேட்டு இறந்தகாலத்தில் பேச வையுங்கள். வென்ட், கேம், ஏட், கேவ், டுக் போன்ற வடிவம் மாறும் வினைகள் அன்றாடம் வருபவை. பட்டியலாக ஒப்பிப்பதைவிடக் கதை சொல்லும்போது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

நான்காவது, 'யூ'. எங்கள் ஊரில் என் தாத்தாவை ஊர்த்தெருப் பையன்கள் பேர் சொல்லி, "வாடா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அந்தப் பையன்களை "வாங்க" என்பார். எழுபது வயதுக்காரர் 'நீ', ஏழு வயதுக்காரர் 'நீங்க'. நம் மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே சாதி உட்கார இடம் கண்டுபிடித்துவிட்டது. ஆங்கிலத்தில் கலெக்டரும் 'யூ', கல் உடைப்பவரும் 'யூ'. அவன், அவர் இரண்டுக்கும் 'ஹீ'. இதை முதன்முதலில் உணர்ந்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் இது ஆங்கிலத்தோடு கூடப்பிறந்த நல்ல குணம் இல்லை. ஒரு காலத்தில் அவர்களுக்கும் 'நீ' இருந்தது. கீழே இருப்பவர்களுக்கும் நெருக்கமானவர்களுக்கும் 'தௌ', மேலே இருப்பவர்களுக்கு 'யூ'. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற சமயக் குழுவினர், நீதிபதியையும் பிரபுவையும்கூட 'தௌ' என்றே அழைப்போம், யாருக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டோம் என்று நின்றார்கள். அதற்காக அடியும் சிறையும் பட்டார்கள். பிற்காலத்தில் பொதுப்பேச்சிலிருந்து 'தௌ' மறைந்து, எல்லோருக்கும் 'யூ' என்று ஆனது. அங்கேயும் மரியாதை என்பது சண்டை நடந்த இடமாக இருந்திருக்கிறது. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கூடவே, உங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் 'வாங்க, போங்க' என்று தமிழில் அழைத்துப் பாருங்கள். 'யூ' என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

ஐந்தாவது, கேள்வி. நாம் எல்லோரும் முதலில் சொல்லித்தருவது 'மை நேம் இஸ்' என்ற பதிலைத்தான். அதிகாரி கேட்பார், நாம் கைகட்டிப் பதில் சொல்வோம். இதை மாற்றுங்கள். முதலில் கேள்வியைச் சொல்லித்தாருங்கள். தமிழில் கடைசியில் ஓர் 'ஆ' போட்டால் கேள்வி. "நீ போகிறாயா?" ஆங்கிலத்தில் அந்த வேலையை முன்னால் வந்து நிற்கும் 'டூ' செய்கிறது: 'டூ யூ கோ?' 'ஹீ' வந்தால் 'டஸ் ஹீ கோ?' இங்கே 'கோஸ்' ஏன் 'கோ' ஆனது? அந்த 'எஸ்' முன்னால் போய் 'டூ'வோடு சேர்ந்து 'டஸ்' ஆகிவிட்டது. இருப்பது ஒரே 'எஸ்', இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் வாட், வேர், வென், ஹூ, வை. 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட், ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் அகெய்ன்' என்பது முதல் வாரத்திலேயே வாயில் வந்துவிட வேண்டும். அந்தத் தம்பியிடம் இல்லாமல் போனது இந்த ஒரு வாக்கியம்தான்.

ஆறாவது, 'இன்'. தமிழில் உருபு பின்னால் ஒட்டும்: மலையில். ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக முன்னால் நிற்கும்: 'இன் த ஹில்ஸ்'. சின்னச் சொல் என்று இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன்.

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு அரசுப் பதிவில் பெயர் 'மலையாளி'. கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, மலையில் வாழ்பவர்கள் என்று பொருள். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் 'இன்' போட்டு மாவட்டங்களை எழுதியிருக்கிறார்கள்: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. நம் மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. விழுப்புரம் 1993இல் பழைய தென் ஆற்காட்டிலிருந்து பிரிந்தது. அதனால் நம் மலைக்காரர்கள் அந்த 'இன்'னுக்குள் வருகிறார்கள். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் மலையாளிகள் வாழ்கிறார்கள். அந்தப் பகுதி பழைய கோயம்புத்தூர் மாவட்டம். பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அதே மக்கள், அதே பெயர், ஆனால் அந்த 'இன்' அவர்களை வெளியே நிறுத்திவிட்டது. சாதிச் சான்றிதழுக்காக அவர்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டி வந்தது. இரண்டே எழுத்துள்ள ஒரு சொல்லைப் படிக்கத் தெரிந்தவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் மட்டும் இருந்தால் போதாது. மலையிலும் இருக்க வேண்டும்.

கடைசிப் பாடம், செயப்பாட்டு வினை. எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது என்று முதலில் சொன்னேன். ஆனால் செய்தவரை ஒளித்துவைக்க அங்கே ஒரு வழி இருக்கிறது. 'எ மேன் வாஸ் கில்ட்.' ஒருவர் கொல்லப்பட்டார். கொல்லப்பட்டவரையே கொண்டுவந்து எழுவாய் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கொன்றவரைச் சொல்ல வேண்டுமானால் 'பை' என்ற சொல்லைப் போட்டு அதற்குப் பின்னால் எழுத வேண்டும். எழுதாமல் விட்டாலும் இலக்கணப்படி வாக்கியம் சரி. தமிழிலும் 'பட்டார்' என்று முடித்துத் தப்பித்துக்கொள்ளலாம். அதனால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரும்போது, செயப்பாட்டு வினை எங்கே வந்தாலும் 'பை ஹூம்?' என்று கேட்கப் பழக்குங்கள். யாரால்?

இதே கள்ளக்குறிச்சியில், 2024 ஜூனில், கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள், பட்டியல் சாதி மக்கள். நான் இப்போது சொன்ன வாக்கியத்தையே கவனியுங்கள். 'செத்தார்கள்.' ஆங்கிலத்தில் 'டைட்'. இந்த வினைக்குச் செய்தவர் என்று யாரும் வேண்டாம். 'பை' போடவும் இடமில்லை. குடித்தவர்கள், செத்தவர்கள் இரண்டுமே அவர்கள்தான். வாக்கியத்தின் எழுவாயே குற்றவாளி ஆகிவிடுகிறார். மெத்தனாலை விற்றவர் யார், அதைக் கடத்தவிட்டவர் யார், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர் யார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. அதற்குப் பிறகு, "கல்வராயன் மலையா? சாராயம் காய்ச்சுகிறவர்கள்தானே" என்று ஒரு மலை முழுவதையும் எழுவாய் ஆக்கினார்கள். உண்மையான எழுவாய் கிடைக்காதபோது ஏழைகளைத்தான் அந்த இடத்தில் உட்கார வைக்கிறார்கள்.

சட்டத்திலும் இதைப் பார்க்கலாம். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அண்ணலின் தலைமையில் வரைவு தயாரானது, 1948 நவம்பர் 29இல் அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றது. அதன் வினை 'இஸ் அபாலிஷ்ட்', 'ஒழிக்கப்படுகிறது'. செயப்பாட்டு வினை. அதைக் கடைப்பிடிப்பது குற்றம் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆனால் குற்றம் செய்கிறவர் அந்த வாக்கியத்தில் இல்லை. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தபோது வாக்கியங்கள் 'ஹூஎவர்' என்று தொடங்கின. எவரொருவர். இப்போது எழுவாய் வந்துவிட்டது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அதுவும் போதாது என்று, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத எவரொருவர் என்று எழுதினார்கள். 'ஒழிக்கப்படுகிறது' என்பதிலிருந்து 'இந்தச் சாதிகளைச் சேராத எவரொருவர்' என்பதற்கு வர 40 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. சட்டத்துக்கு எழுவாய் கிடைப்பதற்குள் எத்தனை ஊர்கள் எரிந்தன என்று உங்களுக்கே தெரியும்.

தோழர்களே, நான் ஆங்கிலம் தமிழைவிட மேலானது என்று சொல்லவில்லை. தமிழில் இருந்து ஆங்கிலத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

நம்மிடம் 'நாம்' இருக்கிறது, 'நாங்கள்' இருக்கிறது. 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்ந்தது. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், 'வீ'. அரசியலமைப்பின் முகவுரை அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் அங்கே 'நாம்' என்று போட்டார்கள். சரியான சொல். ஆனால் அந்த 'நாம்' கல்வராயன் மலை ஏற எவ்வளவு காலம் ஆனது? ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்துவிட்டது. இங்கே மூன்று ஜாகிர்தார்கள் மலையைப் பிரித்து வைத்துக்கொண்டு மக்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1976இல்தான் அரசு மலையைக் கையில் எடுத்தது. கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. 1996 வரை அந்த மக்களுக்கு வாக்குரிமை கிடைக்கவில்லை என்பது அங்கே பேசப்பட்டது. குடியரசு வந்து 46 ஆண்டுகள் அந்த 'வீ' அவர்களுக்கு 'நாங்கள்' என்றே கேட்டிருக்கிறது. யாரோ சிலர், இவர்களை வெளியே நிறுத்திவிட்டுச் சொன்ன 'நாங்கள்'.

நம் வகுப்புகளில் நாம் செய்ய வேண்டியது இதுதான். இலக்கணத்தைத் தமிழில் விளக்குங்கள். பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் திருத்தாதீர்கள், பேசி முடித்த பிறகு திருத்துங்கள். யார் தப்பாகச் சொன்னாலும் சிரிக்கக்கூடாது என்பதை முதல் நாளே சட்டமாக்குங்கள், அந்தச் சட்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான். பாடப்புத்தக வாக்கியங்களோடு சாதிச் சான்றிதழ், வங்கிப் படிவம், கல்வி உதவித்தொகை விண்ணப்பம் இவற்றையும் கொண்டுவந்து வாசிக்க வையுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் யார் என்று கேளுங்கள். விடை கிடைக்காத வாக்கியங்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அந்த நோட்டு வேலைக்கு ஆகும்.

போன மாதம் என் வகுப்பில், மலையிலிருந்து வந்த ஆறாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி 'மை மதர் கோ டு ஒர்க்' என்று எழுதிக் காட்டினாள். நான் அந்தப் பத்து வால்களையும் பலகையில் எழுதினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தானாகவே எழுந்து வந்து, 'கோ'வுக்குப் பக்கத்தில் வால் சேர்த்து எழுதிவிட்டு, திரும்பி வகுப்பைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.